நடு எழுத்துகள்

முல்லையரும்பு என்றும் முத்துவரிசை என்றும் பழம்பாட்டுகள் போற்றிய ஒன்றை அவள் மெழுகில் நட்டுக்கொண்டிருந்தாள். முன்பற்கள் யாவும் நின்றுவிட்டன. ஓரத்துக் கோரைப்பல்லை மட்டும் மயிரிழையளவு திருப்பி வைத்து, தாடையைப் போலத் திறந்து மூடும் பித்தளைக் கருவியை மெல்ல அழுத்தி, மேலும் கீழும் பொருந்துகின்றனவா என்று சாளர வெளிச்சத்தில் பார்த்தாள். அந்த வாய் இன்னாருடையது என்பது அவளுக்குத் தெரியாது. பல் வைத்தியர்கள் அனுப்பும் அச்சுகளில் பெயர் இராது, எண்தான் இருக்கும். ஆயினும் முகமறியாத ஒருவர் இன்னும் சில நாளில் இதைக்கொண்டு சிரிக்கப்போகிறார் என்னும் நினைவு அவளுக்கு வழிபாட்டுக்கு ஒப்பானது. வேலை தொடங்குமுன் பல் சுடும் உலையின் எதிரே சற்று நேரம் கண்மூடி நிற்பாள். பக்கத்து மேசைக்காரர்கள் இருவரும் அதைத் தூக்கம் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

முதலாளி உள்ளறையிலிருந்து வந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நின்றார்.

"சாயங்காலம் அவங்க ஆள் வர்றான். பத்திரத்தோட."

"தெரியும் சார்."

"உனக்குத்தான் கொடுக்கணும்னு எனக்கும் ஆசை. இந்த உலையோட குடும்பம் நடத்தினவ நீ. ஆனா நான் இன்னிக்கு ராத்திரி மக ஊருக்கு ரயில் ஏறணும். விளக்கை அணைக்கிறதுக்குள்ள பணம் கண்ணுல தெரிஞ்சா உன் பேரு. இல்லேன்னா அவங்க பேரு."

"தம்பி அனுப்பிட்டிருக்கான் சார்."

"மூணு வாரமா அனுப்பிட்டேதான் இருக்கான். நடந்து வந்திருந்தாக்கூட இந்நேரம் வந்து சேர்ந்திருப்பான்."

அவர் சொன்னதில் தவறில்லை. வாங்க வருவது ஊரெங்கும் கிளை விரித்த பெரிய நிறுவனம். அதற்கு வேண்டியது இங்கே வேலை கொடுக்கும் வைத்தியர்களின் தொடர்பு மட்டுமே. உலையையும் மேசைகளையும் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டு, வேலையைத் தன் பெருங்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விடும். அவளையோ பக்கத்து மேசை இருவரையோ உடன் அழைத்துச் செல்லும் எண்ணம் அதற்கு இல்லை. அவள் விலைகொடுத்து வாங்கினால் இந்த அறை இந்த அறையாகவே இருக்கும். மூன்று பேருக்கும் நாளை விடிந்தால் போவதற்கு ஓரிடம் இருக்கும்.

பணம் இல்லாமல் இல்லை. அது கடலுக்கு அப்பால் இருந்தது, அவ்வளவுதான் குறை.

அங்கே அப்பா விட்டுப்போன மனையை விற்றதில் அவளுக்கு வந்த பங்கு அது. தம்பி வசிக்கும் நாட்டு வங்கிகளுக்கும் இந்த நாட்டு வங்கிகளுக்கும் இடையே இருந்த ஏற்பாடு சென்ற ஆண்டு முறிந்துபோயிற்று. ஆனாலும் தம்பி ஒருமுறை அனுப்பிப் பார்த்தான். பணம் எங்கோ மூன்றாவது நாட்டு வங்கியொன்றில் வழிப்போக்கனைப் போலப் பல நாள் தங்கி, தங்கியதற்கு வாடகையும் கொடுத்துவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே இளைத்துத் திரும்பியது. அதன் பிறகுதான் அவன் டோக்கனைப் பற்றிப் பேசத் தொடங்கினான்.

டாலரின் விலையிலேயே நிற்கும்படி கட்டிவைத்த டோக்கன். அங்கே உரிமம் பெற்ற சந்தையில் உள்ளூர்ப் பணம் கொடுத்து அதை வாங்க வேண்டும். இங்கே அதே போன்றதொரு சந்தையில் விற்று இந்நாட்டுப் பணமாக்கிக்கொள்ள வேண்டும். இடைவழியில் அது செல்வது பிளாக்செயின் என்னும் பொதுக்கணக்கில். அந்தக் கணக்கை உலகத்தில் யாரும் திறந்து பார்க்கலாம், யாரும் அழிக்க இயலாது. அனுப்பியது அனுப்பியதுதான். வேறிடத்துக்குப் போய்விட்டால் திருப்பித் தரச்சொல்லிக் கெஞ்சுவதற்கு மேலாளர் என்று ஒருவர் அங்கே அமர்ந்திருக்கவில்லை. "அங்க கருணையும் கிடையாது, களவும் கிடையாதுக்கா" என்றான் தம்பி. பின்பாதி மெய்யன்று என்பது பிறகு தெரிந்தது.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். கயிற்றில் தொங்கும் பெட்டிக்குள் மனிதர்களை ஏற்றி அனுப்பும் தொழிலுக்கு உரிய நம்பிக்கை அவன் பேச்சிலும் இருக்கும். அவன் மனைவி அதற்கு நேர்மாறு. ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்த வங்கியில் வேலை பார்த்தாள். ஒருமுறைக்கு இருமுறை பாராமல் எதற்கும் தலையசைக்க மாட்டாள். குடும்பத்தில் எல்லோரும் அவளை ஆபீசர் என்றே அழைத்தார்கள். டோக்கன் வாங்கியபோது அவள் ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள்: டோக்கனைப் போட்டுவைக்கும் வாலட்டுக்கு இரண்டு சாவி வேண்டும், ஒன்று தன்னிடம் இருக்க வேண்டும். அந்த வாலட்டில் தம்பியின் பங்கும் அக்காவின் பங்கும் கலந்திருந்தன. எனவே தம்பி தன் போனில் கட்டளை இட்டால் மட்டும் பணம் அசையாது. ஆபீசரும் தன் போனில் ஒப்புதல் தரவேண்டும்.

இந்த ஏற்பாடு அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. தன் பங்கு தன் கைக்கு வர, நேற்று வந்தவளின் தலையசைப்பா என்று இருந்தது. நேற்று என்பது மிகை; கல்யாணமாகி ஆண்டுகள் பல ஆயின. ஆனால் கல்யாணத்தன்று மணப்பெண்ணின் சிரிப்பைப் பார்த்த மாத்திரத்தில், தொழில் புத்தி முந்திக்கொண்டு, "கீழ்வரிசையில ஒண்ணு திரும்பி நிக்குது பாரு" என்று அக்கா சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவள் எதிரில் ஆபீசர் வாயைத் திறந்து சிரித்ததில்லை. போனிலும் நலம் விசாரிப்புக்கு மேல் இருவருக்குமிடையே பேச்சு வளர்ந்ததில்லை.

ஆபீசரின் நிபந்தனைக்கு எதிராக அக்காவும் ஒன்று சொல்லியிருந்தாள். எந்தப் பல் வரிசையையும் கெட்டிப்பொருளில் வார்க்குமுன் மெழுகில் நிறுத்தி உரியவர் வாயில் வைத்துப் பார்ப்பது அவர்கள் தொழில் வழக்கம். "பணத்தையும் முதல்ல மெழுகுல பாருடா" என்றாள். அவ்வாறே முந்தாநாள் தம்பி ஒரு சிறுதொகையை மட்டும் அனுப்பினான், ஆபீசர் ஒப்பினாள். அக்கா கையில் படிந்திருந்த பிளாஸ்டர் சாந்தைக் கழுவித் துடைப்பதற்குள் அது வந்து நின்றது. கடலை ஒரு வாய்க்காலாக்கித் தாண்டிவந்த அந்தச் சிறுதொகையை அவள் திறந்து திறந்து பார்த்தாள்.

மதியம் சாய்ந்த வேளையில் போன் ஒலித்தது.

"அக்கா, நான் போட்டுட்டேன்" என்றான் தம்பி.

"இன்னும் வரலியேடா."

"வராது. ஆபீசர் ஒப்புதல் தரல."

"ஏனாம்?"

"நடு சரியில்லைங்கறா."

"எதுக்கு நடு?"

"உன் வாலட் முகவரிக்கு. நாப்பது எழுத்து நீளமா வரும்ல, அதுக்கு. முதல் நாலு எழுத்து பார்த்தேன், சரி. கடைசி நாலு பார்த்தேன், சரி. லிஃப்ட்டுல நாங்க அப்படித்தான் பார்க்கிறது. தரைமாடியிலயும் உச்சிமாடியிலயும் பெட்டி படியோட படியா நின்னுச்சுன்னா நடுமாடியில தானா நிக்கும். இதுவரைக்கும் நான் போட்ட லிஃப்ட்டுல நடுமாடியில தடுக்கி விழுந்தவன் ஒருத்தன் கிடையாது. அவ என்னடான்னா, ஷிஃப்ட்டுல இருக்கேன், வந்து பார்க்கறேங்கறா."

அக்கா சாளரத்துக்கு வெளியே பார்த்தாள். தெருமுனையில் ஒருவன் வண்டியிலிருந்து இறங்கிக் கடைப்பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தான். கையில் தோல்பை இருந்தது.

"உன் பொண்டாட்டிக்கு நான் இந்த லேபை வாங்கறது பிடிக்கல. அதை நேராச் சொல்லிட்டா நானும் வேற வழி பார்ப்பேன்."

"அப்படியெல்லாம் இல்லக்கா."

"பின்ன என்ன? நடுவாம் நடு. வேணும்னே இழுத்தடிக்கிறா. பொழுது சாஞ்சா என் கதை முடிஞ்சுதுன்னு அவளுக்குத் தெரியாதா?"

 பதில் வேறொரு குரலில் வந்தது.

"நானும் லைன்லதான் இருக்கேன் அண்ணி."

அக்காவின் கையிலிருந்த மெழுகுக் கத்தி மேசைமேல் விழுந்தது.

"எப்போலேந்து?"

"'தரைமாடி'லேந்து. உங்க தம்பிதான் என்னையும் சேர்த்துவிட்டார். சேர்த்ததை மறந்துட்டார்."

"மறக்கலடி. சொல்றதுக்கு இடம் கிடைக்கல" என்றான் தம்பி, கிணற்றுக்குள் இருந்து பேசுபவன் போல.

அவமானமும் ஆத்திரமும் கலந்துவிட்டால் அவமானம்தான் முதலில் வாய் திறக்கும். அக்கா குரலை உயர்த்தினாள். "கேட்டுட்டேல்ல? நல்லதாப் போச்சு. மறைச்சுப் பேச வேண்டாம். ஏம்மா இப்படிப் பண்றே?"

"நான் ஒண்ணும் பண்ணல அண்ணி. பண்ணாமத்தான் இருக்கேன். கல்யாணத்தன்னைக்கு நீங்க சொன்ன பல்லுக்குப் பழி வாங்கறதா இருந்தா அதுக்கு எனக்கு வேற நல்ல வழியெல்லாம் தெரியும்." சிறிது நேரம் பின்னணியில் யாரோ வண்டி உருட்டும் ஓசை கேட்டது. "ரத்தப் பையில ஒரு எண் இருக்கும். முன்னாடி இருக்கிறது ஆஸ்பத்திரிக்கு உள்ள எண். கடைசில இருக்கிறது வருஷம். அது எல்லாப் பையிலயும் ஒண்ணாத்தான் இருக்கும். ஆளுக்கு ஆள் மாறுறது நடுவுலதான். நாங்க நடுவைத்தான் முதல்ல பார்ப்போம். முந்தாநாள் உங்க முகவரியில நடுவுல ரெண்டு ஏழு சேர்ந்து வந்துது. இன்னிக்கு வந்ததுல அது இல்ல."

"நீ மறந்திருப்பே."

"இருக்கலாம். அதனாலதான் கேக்கறேன். உங்க வாலட்டைத் திறந்து நீங்க படிங்க. நான் இங்க வந்திருக்கிறதோட வச்சுப் பார்க்கறேன். நாங்க அப்படித்தான் செய்வோம், ஒருத்தர் படிப்போம், ஒருத்தர் பார்ப்போம். முழுசும் படிச்ச பிறகும் நீங்க 'போடு'ன்னு சொன்னீங்கன்னா, கேள்வி கேக்காம போடறேன்."

கதவு திறந்தது. தோல்பைக்காரன் முதலாளிக்கு வணக்கம் சொல்லிவிட்டு, பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து உலையின் அகலத்தை அளக்கலானான். வாங்குவதற்காக அளக்கவில்லை, வாசல் வழியே வெளியேற்ற முடியுமா என்று அளந்தான்.  போடு என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாற்பது எழுத்துகளைப் படிக்கும் நேரத்தில் டோக்கனையே விற்றுவிடலாம் என்று மனம் துடித்தது. ஆனால் மறுமுனையில் இருந்தவள் கெஞ்சவும் இல்லை, மிஞ்சவும் இல்லை, காத்திருந்தாள். கொடுத்த வாக்கை நிறைவேற்றக்கூடியவளின் மௌனம் அது. அப்படிப்பட்ட ஒருத்தியிடம் அவசரப்பட்டு ஒரு சொல்லைக் கொடுத்துவிட அக்காவுக்கு அச்சமாக இருந்தது.

"சரி. படிக்கறேன்."

சாளரத்தோரம் போய் நின்று, போனை ஒலிபெருக்கியில் வைத்து, திரையில் விரல் பதித்துப் படித்தாள்.

"ஏ. நாலு. சி. ஒன்பது."

"சரி."

"ரெண்டு. எட்டு. பி."

"நிறுத்துங்க. நாலாவதுக்கு அடுத்து என்ன?"

"ரெண்டு."

"எனக்கு எஃப்."

"திரும்பப் பாரு."

"பார்த்துட்டேன். எஃப். அதுக்கடுத்து மூணு. உங்களுக்கு எட்டு. நீங்க நிறுத்தாம படிங்க அண்ணி, கடைசி வரைக்கும்."

அவள் படித்தாள். பதிகம் ஓதுபவரின் பின்னால் அடி பிசகாமல் தொடர்ந்து வரும் ஒரு குரல் போல, ஒவ்வோர் எழுத்துக்கும் மறுமுனையிலிருந்து ஓர் இல்லை வந்துகொண்டே இருந்தது. இல்லை. இல்லை. இரண்டு ஏழுகள் வந்தபோதும் இல்லை. கடைசி நான்கு எழுத்துகளுக்கு வந்தபோதுதான் மீண்டும் சரி, சரி, சரி, சரி என்றாள் ஆபீசர்.

தலையும் வாலும் அவளுடையவை. உடல் வேறு யாருடையதோ.

"நீ இதை எங்கேயிருந்துடா எடுத்தே?" என்று அக்கா கேட்டபோது அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"வாலட்டோட பட்டியல்ல, முந்தாநாள் அனுப்பினதுக்கு மேலயே இன்னொரு வரி இருந்துச்சுக்கா. அதே முகவரி மாதிரி இருந்துச்சு. மறுபடியும் எதுக்கு எல்லாத்தையும் தட்டிக்கிட்டுன்னு, அதுலேந்து எடுத்துப் போட்டேன்."

நடந்தது இதுதான். யாரும் பார்க்கத் திறந்து கிடக்கும் கணக்கைத் திருடனும் பார்க்கிறான். யாராவது ஒருவர் சிறுதொகையை அனுப்பிச் சோதித்தால், பின்னால் பெருந்தொகை வரப்போகிறது என்று அவனுக்குத் தெரியும். உடனே அவன், பணம் பெற்றவரின் முகவரியோடு முதலும் கடைசியும் ஒத்திருக்கும் வாலட் முகவரி ஒன்றை உண்டாக்கி, அதிலிருந்து ஒன்றுக்கும் உதவாத ஒரு துளித்தொகையை அவர்களுக்கு அனுப்பி, அவர்கள் பட்டியலில் தன் முகவரியை ஏற்றிவிட்டுக் காத்திருக்கிறான். மெழுகில் பாருடா என்று அக்கா சொன்ன எச்சரிக்கையே அவனுக்கு வாசல் காட்டியது. தரைமாடியும் உச்சிமாடியும் போதும் என்னும் தம்பியின் தொழில் பழக்கம் அந்த வாசலைத் திறந்துவிட்டது.



"கதவு திறந்திருக்கு, உள்ள பெட்டி இல்ல" என்றான் தம்பி மெதுவாக. "நான் காலை எடுத்து வச்சிருப்பேன்க்கா. உன்னையும் கூட்டிக்கிட்டு."

"புலம்பறதை அப்புறம் வச்சுக்கலாம்" என்றாள் ஆபீசர். "நீங்க போட்டதை நான் தள்ளிட்டேன். அண்ணி, உங்க முகவரியை இப்ப புதுசா அனுப்புங்க. பழைய பட்டியலை யாரும் தொடக் கூடாது. நீங்க படிங்க, அவர் போடட்டும், நான் பார்க்கறேன்."

"நான் படிச்சு நான் போட்டா ஆகாதா?" என்றான் தம்பி.

"உங்களைத் தனியா விடறதா இல்ல."

மீண்டும் படித்தாள் அக்கா. இம்முறை ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு சரிகள் கேட்டன. ஆண்குரல் முந்தியும் பெண்குரல் பிந்தியும். பக்கத்து மேசைக்காரர்கள் இருவரும் வேலையை விட்டுவிட்டு எழுந்து அவள் தோளருகே வந்து நின்றார்கள். தோல்பைக்காரன்கூட நாடாவைச் சுருட்டாமல் நிமிர்ந்து பார்த்தான். நாற்பதாவது எழுத்தில் மூவரும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

"ஒப்புதல் கொடுத்தாச்சு" என்றாள் ஆபீசர்.

"நான் உன்னைப் பத்திச் சொன்னது..."

"அண்ணி, அதுக்கெல்லாம் ராத்திரி முழுக்க நேரம் இருக்கு. இப்ப போய் வித்துட்டு வாங்க."

வந்தது. இம்முறை கையில் பிளாஸ்டர் இல்லை, கழுவத் தேவையும் இல்லை. ஆனாலும் அவள் கைகளை மேலங்கியில் துடைத்துக்கொண்டாள். சந்தையில் விற்றாள். டோக்கன் கடலைக் கடந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், இதே தெருவில் இரண்டு கட்டடம் தள்ளியிருந்த வங்கி தள்ளாடிக்கொண்டு வந்தது. பரிசீலனையில் உள்ளது என்று திரை சொன்னது. மறுபடி திறந்தாலும் அதையே சொன்னது.

வெளியே பொழுது இறங்கியது. தோல்பைக்காரன் பத்திரத்தை மேசைமேல் விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றி, "முடிச்சிடலாமா சார்?" என்றான்.

"இருப்பா. விளக்கை அணைச்சிட்டு வந்துடறேன்" என்றார் முதலாளி. ஆனால் விளக்கின் பக்கம் போகவில்லை. அலமாரியின் மேல்தட்டில், அவர் கடை தொடங்கிய நாளிலிருந்து யாரும் தொடாத பழைய அச்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்டத் தொடங்கினார். ஒன்றைத் தட்டுவார், மூக்கருகே கொண்டுபோய்ப் பார்ப்பார், மறுபடி தட்டுவார்.

"சார், அதெல்லாம் எப்படியும் குப்பைக்குத்தான் போகும்."

"போகட்டும். சுத்தமாப் போகட்டும்."

"உங்களுக்கு ரயில் இல்லையா?"

"ரயில் என்னை விட்டுட்டுப் போனா அடுத்த ரயில் கூட்டிட்டுப் போகும். தும்மல் வருது, கொஞ்சம் தள்ளி நில்லு."

அவர் மூன்றாவது தட்டுக்கு இறங்கியிருந்தபோது அக்காவின் போன் சிணுங்கியது. அவள் ஒன்றும் சொல்லாமல் அதை அவர்முன் நீட்டினாள். முதலாளி மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு தொகையை முதல் இலக்கத்திலிருந்து கடைசி இலக்கம் வரை வாய்விட்டுப் படித்தார். பிறகு தோல்பைக்காரனின் கையிலிருந்த பேனாவை மரியாதையாக வாங்கி அவளிடம் கொடுத்தார்.

"உன் பேனாவாலயே எழுதிக்கறோம். கோவிச்சுக்காதே" என்றார் அவனிடம். பெட்டிக்குள்ளிருந்து வேறொரு பத்திரத்தை எடுத்தார். அவள் பெயர் அதில் முன்பே எழுதப்பட்டிருந்தது.

எல்லோரும் போன பிறகு அறை பெரிதாகத் தெரிந்தது. பக்கத்து மேசைக்காரர்களில் மூத்தவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நாளைக்கு எப்ப வரணும்?" என்று கேட்டார். குரலில் கேலி பாதியும் கவலை பாதியுமாக இருந்தது.

"எப்பவும் வர்ற நேரத்துக்கே வாங்க. தூங்கறவளை எழுப்ப ஆள் வேணும்ல."

அவர்கள் சிரித்துக்கொண்டே படியிறங்கிய ஓசை அடங்கியதும் அவள் போனை எடுத்தாள். தம்பியின் எண்ணைத் தொடப்போன விரல் நின்றது. அதற்குக் கீழிருந்த எண்ணைத் தொட்டாள். இத்தனை ஆண்டுகளில் அந்த எண்ணுக்கு அவள் தானாக அழைத்தது இதுவே முதல்முறை.

"வந்துடுச்சா அண்ணி?"

"வந்துடுச்சு. கையெழுத்தும் ஆயிடுச்சு."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு நீளமாக இறங்கியது. அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சு அது.

"ஷிஃப்ட் முடிஞ்சுதா?"

"இப்பதான். பஸ்ல இருக்கேன். உக்கார இடம் கிடைச்சுது."

"அந்த ரத்தப் பையை எப்படிப் பார்ப்பீங்கன்னு சொன்னேல்ல. அதை இன்னொரு தடவை சொல்லு. நம்ம லேபுலயும் அச்சுக்கு நம்பர்தான். போன மாசம் ஒண்ணு மாறிப்போய், ஒரு வாத்தியாருக்கு வேற யாரோட பல்லோ போயிடுச்சு. பள்ளிக்கூடம் முழுக்கச் சிரிச்சாங்களாம்."

"ஐயையோ. அவர் என்ன பண்ணார்?"

"மூணு நாள் வாயைத் திறக்காம பாடம் நடத்தினாராம்."

ஆபீசர் சிரித்தாள். வாய்விட்டு, வண்டியில் இருப்பதையும் மறந்து சிரித்தாள். அக்கா அந்தச் சிரிப்பைக் குறுக்கே ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஆபீசர் சொல்லத் தொடங்கினாள்: யார் படிப்பது, யார் பார்ப்பது, படிப்பவர் பையைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும், ஏட்டைப் பார்த்துப் படிக்கக் கூடாது, ஐயம் வந்தால் யாரும் யாரிடமும் கோபித்துக்கொள்ளாமல் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அக்கா இடையிடையே கேட்டாள். கேட்டதற்கெல்லாம் விடை வந்தது. விடைகளிலிருந்து வேறு பேச்சுகள் கிளைத்தன. தம்பி மகனின் இருமல், பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் குடை, மனை விற்ற அன்று தம்பி ஒருவருக்கும் தெரியாமல் அழுதது.

பேச்சின் நடுவே வேறொரு அழைப்பு வந்து வந்து தட்டியது.

"உன் வீட்டுக்காரன்தான்" என்றாள் அக்கா. "பணம் வந்துதா இல்லையான்னு தவிச்சுக்கிட்டிருப்பான்."

"எனக்கும்தான் அடிச்சுக்கிட்டே இருக்கார். ரெண்டு பேர் நம்பரும் பிஸின்னா அவருக்கே புரிஞ்சுடும் அண்ணி. நீங்க சொல்லுங்க, அந்த உலையை எப்ப மூட்டுவீங்க?"